வேப்பமரத்தடியில் ஸ்கோர் எழுதும் பிள்ளை

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆனால் பழைய வட ஆற்காடு முழுக்கப் பள்ளி மைதானங்களில் ஒரு காட்சி மட்டும் பிரியாமல் ஒரே மாதிரி இருக்கிறது. பி.டி. பீரியடில் பிள்ளைகள் கோ-கோ ஆடிக்கொண்டிருப்பார்கள். ஓரமாக ஒரு வேப்பமரம். அதன் கீழே ஒரு பிள்ளை ஸ்கோர் எழுதிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் மற்றவர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருக்கும். காலில் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கி போட்ட பிள்ளை, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை, ‘அடங்கவே மாட்டான்’ என்று பெயர் வாங்கிய ஆட்டிசப் பிள்ளை, எல்லாருக்கும் அதே மரத்தடிதான். கொண்டுவந்து விடும் பாட்டியே, “ஓரமா குந்த வெச்சிடுங்க சார், வெயில்ல வாணாம்” என்று சொல்லிவிட்டுப் போவதும் உண்டு.

ஓட முடியாத பிள்ளைக்கு இந்த மரத்தடி உடற்பயிற்சியை இல்லாமல் ஆக்குகிறது. அது எல்லாருக்கும் தெரியும். ஓட விரும்பாத பிள்ளைக்கு அது தப்பிக்கும் வழியைக் கற்றுத் தருகிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வெயில், சத்தம், கூட்டம், புரியாத விதிகள். பக்கத்தில் நிற்பவனைப் பையன் தள்ளிவிடுகிறான். தண்டனையாக மரநிழலில் உட்கார வைக்கிறோம். அவனுக்கு வேண்டியதும் அதுதான். முதல் வாரம் பத்து நிமிடம் தாங்கியவன் அடுத்த வாரம் மூன்றாவது நிமிடத்திலேயே தள்ளுவான். அவன் கெட்டுப்போகவில்லை, கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதன் 16-ஆம் பிரிவு, பள்ளிகள் இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. ரியோவில் 2016-இல் உயரம் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலுவின் படத்தைப் பள்ளிச் சுவரில் ஒட்டிவிட்டு, அதே சுவர் ஓரத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைப்பது என்ன நியாயமோ!

பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை போடுவதிலிருந்து வேலை தொடங்குகிறது. மருத்துவச் சான்றிதழில் சதவீதம் மட்டும்தான் இருக்கும். மைதானத்துக்கு அது போதாது. வலிப்பு உண்டா, கடைசியாக எப்போது வந்தது, என்ன மாத்திரை? இதயத்தில் குறை உண்டா? காலில் உணர்ச்சி உண்டா? மூளையில் தேங்கும் நீரை வடிக்கத் தலையில் ஷண்ட் குழாய் வைத்திருக்கிறார்களா? போதும் என்பதை எப்படிச் சொல்லும்? பாத்ரூம் வந்தால் என்ன செய்யும்? எந்தச் சத்தம் பிடிக்காது? எதைக் கண்டால் முகம் மலரும்? கடைசி இரண்டு கேள்விகளைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், தினமும் கைகொடுப்பவையும் அவைதான். வலிப்பைப் பற்றி நாலு பேர் முன்னால் கேட்டால் “அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்” என்றுதான் பதில் வரும், பெண் பிள்ளை என்றால் நிச்சயம் அப்படித்தான். அம்மாவைத் தனியே அழைத்து, ‘இழுப்பு’ என்று அவர்கள் பேச்சிலேயே கேட்க வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பற்றி ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் தவறில்லை. இவர்களில் ஒரு பகுதியினருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிமானம் தளர்ந்திருக்கும். வெளியே தெரியாது. குட்டிக்கரணம், சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், தலையால் பந்தை முட்டுவது, தலைகீழாகத் தண்ணீரில் குதிப்பது ஆகியவை மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை கிடையாது. யோகா தினத்துக்காக வரிசையாக எல்லாரையும் சர்வாங்காசனம் போட வைக்கும் பள்ளிகள் இதை யோசிப்பதே இல்லை. நன்றாக நடந்த பிள்ளை தடுமாறினாலோ, தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருந்தாலோ, கழுத்து வலி என்றாலோ, புதிதாக உடையில் சிறுநீர் கழித்தாலோ, அன்றே விளையாட்டை நிறுத்தி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறையும் இருக்கும். உதடு நீலம் பாய்வதும் பாதியில் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவதும் சோம்பேறித்தனம் இல்லை.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடி ஓடுவது இன்னும் போகவில்லை. இரும்பு வேண்டாம், வாயில் துணி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். தலைக்கடியில் மடித்த துண்டு, ஒருக்களித்துப் படுக்கவைப்பது, கைக்கடிகாரத்தில் நேரம் பார்ப்பது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் இன்னொன்று வந்தாலோ 108. முடிந்ததும் பிள்ளை தூங்கும். தூங்க விட வேண்டும்.

இனி வெயில். வேலூரை ‘வெயிலூர்’ என்று கேலி செய்வது சும்மா இல்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் சூடு, பள்ளி திறந்த பிறகும் சீக்கிரம் இறங்குவதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் வெயில் ஒன்று என்றாலும் எல்லா உடம்பும் ஒன்று இல்லை. முதுகுத் தண்டில் பிறவிக் குறை உள்ள பிள்ளைக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்வை சரியாக வராது. வலிப்புக்குத் தரும் டோபிராமேட் மாத்திரை வியர்வையைக் குறைக்கும். நடத்தைக்காகத் தரும் ரிஸ்பெரிடோன் உடம்பு தன் சூட்டைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கலாம். இந்தப் பிள்ளைகளுக்கு முகம் சிவந்து, தோல் காய்ந்து, எரிச்சல் கூடி, சொன்னது ஏறாமல் போகும்; அதைப் பார்த்து ‘இன்னைக்கு ரொம்ப அடம்’ என்று எழுதிவைப்பார்கள். காலை 10 மணிக்கு முன், அல்லது மாலை 3.30-க்கு மேல். 15 நிமிடத்துக்கு ஒருமுறை, கேட்காவிட்டாலும் நாலு மடக்குத் தண்ணீர். கழுத்தில் ஈரத்துண்டு. பி.டி. பீரியடைப் பன்னிரண்டு மணிக்குப் போடும் கால அட்டவணையைத் தலைமையாசிரியரிடம் ஜூனிலேயே மாற்றிக் கேட்பதுதான் மிச்சமெல்லாவற்றையும்விடப் பெரிய சிகிச்சை.

காலில் உணர்ச்சி இல்லாத பிள்ளை வெறுங்காலோடு சிமென்ட் தளத்தில் நின்றால் கொப்பளம் வந்த பிறகும் நின்றுகொண்டே இருக்கும். நம் புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் அங்கே யாரும் வெறுங்காலோடு இல்லை. காலிப்பரின் இரும்புக் கம்பி, வீல்சேர் கைப்பிடி, வெயிலில் விட்ட பிளாஸ்டிக் பாய் இவற்றுக்கும் அதே சோதனைதான். உணர்ச்சியற்ற பாதத்தைச் செருப்பால் காப்பாற்றும் அறிவு இந்த மண்ணில் பழசு. கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் தொழுநோயாளிகளுக்காக வளர்ந்த எம்.சி.ஆர். என்ற மெத்து ரப்பர் செருப்பு, ரப்பர் ஒவ்வாமை இல்லையென்றால், இந்தப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். வகுப்பு முடிந்ததும் சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அங்கே புண் தொடங்கிவிட்டது. வீல்சேரில் இருப்பவர்கள் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னாலோ பக்கவாட்டிலோ ஒன்றிரண்டு நிமிடம் சாய்ந்து இடுப்பின் பாரத்தை இறக்க வேண்டும். இதை விளையாட்டுக்கு நடுவே ஒரு விதியாகவே வைத்துவிட்டால் யாரும் மறக்கமாட்டார்கள்.

வீல்சேரில் பாதம் தொங்கிக்கொண்டிருந்தால் கை எறியாது. இடுப்புக்குப் பெல்ட், பாதத்துக்கடியில் பலகை இரண்டும் இருந்தால் அதே பிள்ளை இன்னும் ஒரு மீட்டர் தூரம் எறியும். செங்கல்லை வைத்துப் பார்த்தே வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளலாம். நாற்காலியே உடம்புக்குப் பெரிசாக இருந்தால் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்து, நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் உருவாக்கியது.

மைதானத்தை அமைப்பதில்தான் பாதி நடத்தைப் பிரச்சினை தீர்கிறது. ஒரு கணக்குப் பாருங்கள். 20 பிள்ளைகள், ஒரே வரிசை, ஒரே பந்து, ஆளுக்கு 30 விநாடி. ஒரு சுற்றுக்கு 10 நிமிடம். 40 நிமிடப் பீரியடில் ஒரு பிள்ளைக்கு நாலு வாய்ப்பு, மொத்தம் 2 நிமிட வேலை. மீதி 38 நிமிடம் சும்மா நிற்க வேண்டும். பெரியவர்களே ரேஷன் கடை வரிசையில் அப்படி நிற்பதில்லை. நாலு இடம், இடத்துக்கு ஐந்து பேர், எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம் என்று பிரித்தால் கிள்ளுவதும் தள்ளுவதும் பாதி தானாக நின்றுபோகும்.

நிற்க இடம் காட்டுவதற்குப் பழைய சைக்கிள் டயரைப்போல மலிவான சாமான் கிடையாது. ஆளுக்கு ஒரு டயர், இரண்டு மீட்டர் இடைவெளி. ‘ஒழுங்கா நில்லு’ என்றால் புரியாத பிள்ளைக்கு ‘டயருக்குள்ள நில்லு’ புரியும். டயரை விட்டு வெளியே வந்தால் திட்ட வேண்டியதில்லை, டயரைக் காட்டினால் போதும். வீல்சேரோ காலிப்பரோ உள்ள பிள்ளைக்கு அதே அளவு வட்டத்தைத் தரையில் வரைந்துவிடலாம், டயர் தடுக்கும். செம்மண் தரையில் கோலமாவுக் கோடு நன்றாகத் தெரியும். வெளிறிய மணல் தரையில் தெரியாது, அங்கே செங்கல் தூள் அல்லது காவி. பார்வை இல்லாத பிள்ளைகளுக்குக் கோடு காலில் தட்ட வேண்டும். மண்ணில் சின்னப் பள்ளம் பறித்து நைலான் கயிற்றைப் பாதி புதைத்துவிடலாம். சிமென்ட் வராந்தாவில் மெல்லிய சணலைப் போட்டு அதன்மேல் துணி டேப்பை ஒட்டினால் செருப்பைக் கழற்றாமலே தெரியும். கயிற்றை முளையடித்து உயர்த்திக் கட்டுவது பார்க்க அழகு, விழுவதற்கும் அதுதான் வசதி.

விசிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காது கேளாத பிள்ளைக்கு அது எட்டாது. ஆட்டிசப் பிள்ளைக்கு அது காதில் ஆணி. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குத் திடீர்ச் சத்தத்தில் உடம்பு மொத்தமும் வெட்டி இறுகும், கையில் இருந்த பந்து தெறித்துப் போகும். மூன்று பேருக்கும் உதவாத கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் திரிகிறோம். பச்சைத்துணி, சிவப்புத்துணி, உயர்த்திய கை போதும். பார்வை இல்லாதவர்களுக்கு மட்டும் மெதுவாக ஒரு கைதட்டல். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர் முகத்தில் வெயில் பட நிற்க வேண்டும். காலைப் பீரியடில் கிழக்கைப் பார்த்து நின்றால் நமக்குக் கண் கூசும், அவர்களுக்கு வாய் தெரியும். சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு பேசினால் அவர்களுக்குத் தெரிவது கருப்பு நிழல் மட்டுமே. காது கேட்க அறுவை சிகிச்சை செய்து காக்ளியர் கருவி வைத்த பிள்ளை கபடி மாதிரி மோதும் ஆட்டத்துக்கு வரும்போது வெளிக்கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வர வேண்டும், தலையில் அடிபடாமலும் பார்க்க வேண்டும்.

சாமான்களில் ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறோம். பார்வை இல்லாத பிள்ளைகள் காதால் பின்தொடரும் சத்தப் பந்துக்கு, காற்றடிக்காத தடித்த ரப்பர் பந்து வேண்டும். பிளேடால் இரண்டு சென்டிமீட்டர் கீறி, சைக்கிள் கடையில் கிடைக்கும் பேரிங் குண்டு எட்டுப் பத்தை உள்ளே தள்ளி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, டியூப் துண்டை ஒட்டி, ஒரு ராத்திரி செங்கல்லுக்கடியில் வைத்துவிட வேண்டும். தேய்க்காமல் ஒட்டினால் இரண்டாம் நாளே குண்டுகள் மைதானத்தில் கிடக்கும், அதைப் பொறுக்கி வாயில் போடும் பிள்ளையும் இருக்கும். ஆட்டத்துக்கு முன் ஒட்டை விரலால் இழுத்துப் பார்ப்பது கட்டாயம். இந்தப் பந்து உருளும்போதுதான் பேசும், நின்றால் ஊமை. அதனால் தூக்கி எறிவது கிடையாது, உருட்டுவது மட்டுமே. அவசரத்துக்குச் சாதாரணப் பந்தை மொடமொடக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினாலும் சத்தம் வரும். பார்வை உள்ள பிள்ளைகளும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆட வேண்டும். பார்வை இல்லாதவர்களுக்கான கோல்பால் ஆட்டமே அப்படித்தான். ஆனால் அந்த ஆட்டத்தின் நிஜப் பந்து 1.25 கிலோ. சின்னப் பிள்ளைகளின் விலாவுக்கு அது ஆகாது, அரைக்கிலோவைத் தாண்டக் கூடாது.

பலூனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிடிக்கப் பழகும் பிள்ளைக்குப் பலூன் மெதுவாக இறங்குவதால் எல்லாரும் அதில்தான் தொடங்குவார்கள். முதுகுத் தண்டில் பிறவிக் குறை உள்ள பிள்ளைகளுக்கு இயற்கை ரப்பர் ஒவ்வாமை அதிகம் வரும். சிறு வயதிலிருந்து பல அறுவை சிகிச்சைகளில் ரப்பர் கையுறை பட்டுப் பட்டு வருவது. அவர்கள் இருக்கும் இடத்தில் பலூனும் ரப்பர் பட்டையும் மேலே சொன்ன ரப்பர் பந்தும் வேண்டாம். மளிகைக் கடைக் கவரைக் காற்றடைத்துக் கட்டினால் அதுவும் மெதுவாகத்தான் இறங்கும்.

போச்சா என்ற ஆட்டம் கை கால் அசைவு மிகக் குறைந்த பிள்ளைகளுக்கென்றே வந்தது. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. சிவப்பு 6, நீலம் 6, வெள்ளை 1. வெள்ளைப் பந்துக்கு யாருடையது கிட்டப் போகிறது என்பதுதான் போட்டி. நிஜப் பந்து சுமார் 275 கிராம், சுற்றளவு 27 சென்டிமீட்டர். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை. வெட்டித் தைத்து, பாலாற்று மணலைச் சலித்துக் கழுவிக் காயவைத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வைத்து, மிச்ச இடத்தில் பஞ்சை அடைத்தால் பந்து தயார். மணலை அப்படியே கொட்டினால் தையல் வழியே ஒழுகும். கேழ்வரகைப் போட்டால் எலி வரும். கையால் உருட்ட முடியாதவர்களுக்கு நாலு அங்குலப் பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, 1.2 மீட்டர் நீளத்தில் சாய்வுப்பலகை. மேல் முனை மடி உயரத்தில், கீழ் முனை தரையைத் தொட்டபடி. கீழ் முனை இரண்டு அங்குலம் தூக்கி நின்றாலும் பந்து குதித்துத் திசை மாறும். தூரத்தைக் கூட்டக் குறைக்க, பந்தை விடும் உயரத்தை மாற்றினால் போதும். மண் தரையில் இது உருளாது, வராந்தாதான் சரி.

இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு: சாய்வுப்பலகையைப் பிடித்திருக்கும் உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. பிள்ளை கண்ணால் காட்டும், தலையை ஆட்டும், ‘இன்னும் இந்தப் பக்கம்’ என்று முனகும். உதவியாளர் அதன்படி பலகையை நகர்த்துவார். குறி தப்பினால் அது பிள்ளையின் தப்பு, சேர்ந்தால் பிள்ளையின் வெற்றி. நம் உதவியாளர்களுக்கு இது ஆரம்பத்தில் ரொம்பக் கஷ்டம். கை தானாகத் திருத்தப் போகும், கழுத்து தானாகத் திரும்பும். மற்ற எல்லா ஆட்டத்திலும் நாம் எவ்வளவு அதிகமாக உதவிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் இப்படி முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதும்.

கபடியைச் சேர்ந்து ஆட, இடுப்பில் ஒரு முழத் துணிப்பட்டை செருகிவிடலாம். வீல்சேர் என்றால் கைப்பிடியில். பட்டையை உருவினால் தொட்டதாகக் கணக்கு. மற்றவர் கை மேலே பட்டாலே சுருங்கும் பிள்ளையும் ஆட முடியும், பிடித்து அமுக்கும் முரட்டுத்தனமும் போய்விடும்.

நடத்தைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். மூன்று பத்தி: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு அதற்கு என்ன கிடைத்தது. இரண்டு வாரம் எழுத வேண்டும். ஒரு பக்கம் இப்படி இருக்கும். ‘செவ்வாய் 9.20. விசில். காதைப் பொத்திக்கொண்டு கேட் பக்கம் ஓட்டம். இரண்டு பேர் துரத்திப் பிடித்து மரத்தடியில் உட்கார வைத்தார்கள்.’ ‘வியாழன் 9.25. வரிசையில் ஏழாவது ஆள். முன்னால் நின்றவனைக் கிள்ளினான். வரிசையிலிருந்து வெளியேற்றம்.’ ‘வெள்ளி. மழை. வகுப்பறையில் டென்னிகாய்ட் வளையம் எறிதல், ஆளுக்கு ஒரு வளையம். ஒன்றும் நடக்கவில்லை.’ மூன்றாவது வரியைத்தான் யாரும் எழுதுவதில்லை. விசில் இல்லை, வரிசை இல்லை, பிரச்சினையும் இல்லை என்று சொல்வது அந்த வரிதான். ‘திமிர் பண்ணினான்’, ‘மூட் சரியில்லை’ என்று எழுதினால் நோட்டு வீண். காமிராவில் தெரிவதை மட்டும் எழுத வேண்டும்.

இரண்டு வாரம் முடிந்து திருப்பிப் பார்த்தால் நாலில் ஒன்று தெரியும். தப்பிக்கச் செய்கிறது, கவனிப்புக்காகச் செய்கிறது, ஒரு பொருளுக்காகச் செய்கிறது, அல்லது உடம்புக்கு அது சுகமாக இருக்கிறது. அடிப்பதும் அலறுவதும் வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும், காரணம் வேறாக இருந்தால் மருந்தும் வேறு. தப்பிப்பவனுக்கு மரத்தடி கூடாது என்று முதலிலேயே சொன்னோம். அவனுக்கு ‘ஓய்வு’ என்று படம் போட்ட அட்டையைத் தந்து, நீட்டினால் உடனே இரண்டு நிமிடம் விட்டு, திரும்பி வந்து மிச்ச வேலையில் ஒரு துளியாவது முடிக்க வைக்க வேண்டும். ஐந்து பந்து எறிய வேண்டியவன் ஒன்று எறிந்தாலும் சரி. முதல் வாரம் அட்டையை இருபது தடவை நீட்டுவான். பொறுக்க வேண்டும், அடிப்பதற்குப் பதில் கேட்கிறான் என்பதே பெரிய முன்னேற்றம்.

கவனிப்புக்காக ஓடுபவனைத் துரத்தக் கூடாது. பி.டி. மாஸ்டர் பின்னால் ஓடி வர, வகுப்பே நின்று பார்க்க, அதைவிட நல்ல ஆட்டம் எது? கேட்டைப் பூட்டிவிட்டு, கிணறும் ரோடும் இருக்கும் பக்கம் ஓர் ஆளை நிறுத்திவிட்டு, பேசாமல் பக்கவாட்டில் நெருங்க வேண்டும். அவன் நன்றாக நிற்கும் நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போய், “கைய நேரா நீட்டுன, அதான் வளையம் விழுந்துச்சு கண்ணு” என்று செய்ததைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். ‘வெரிகுட்’ மட்டும் சொன்னால் எது குட் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பொருளுக்காகக் கத்துகிறவனுக்கு, கத்தல் நடக்கும்போது பந்தைத் தரக் கூடாது. கை நீட்டியோ படத்தைக் காட்டியோ கேட்ட கணமே தர வேண்டும். சுற்றுவது, கையை உதறுவது போன்ற சுகத்துக்கான செயல்களை, யாருக்கும் அடிபடாத வரை, தடுப்பானேன்? ஆரம்பத்திலேயே இருபது குதி, சுவரைத் தள்ளுவது, மணல் மூட்டை தூக்கி நடப்பது என்று உடம்புக்கு வேலை கொடுத்தால் பல பேருக்கு அது குறையும்.

கத்தலைப் பொருட்படுத்தாமல் விட முடிவு செய்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அது குறைவதற்கு முன் கூடும். மூன்று நாள், நாலு நாள் முன்னைவிட உரக்க, நீளமாக வரும். அந்த நேரத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து “கொடுத்துத் தொலைங்க சார்” என்பார். கொடுத்தால், இவ்வளவு நேரம் கத்தினால்தான் கிடைக்கும் என்று கற்றுக் கொடுத்ததாகிவிடும். கடைசி வரை தாங்க முடியாது என்று தெரிந்தால் தொடங்கவே வேண்டாம். தன்னைத்தானே அடித்துக்கொள்வதையும் பிறரை அடிப்பதையும் மட்டும் பொருட்படுத்தாமல் விடக் கூடாது. அங்கே முதலில் மற்றவர்களை நகர்த்துவது, பிறகுதான் மிச்சம். குப்புறப் படுக்கவைத்து மேலே உட்கார்ந்து அடக்குவது மூச்சை நிறுத்திவிடும். எந்தச் சூழலிலும் அது கூடாது.

தோப்புக்கரணம், ‘கிரவுண்டை நாலு ரவுண்டு ஓடு’ இவற்றை எங்கே வைப்பது? கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்த அதே ஆள் அடுத்த நாள் ஓடச் சொன்னால் எந்தப் பிள்ளை ஆசையோடு ஓடும்?

சொல்லும் முறையும் முக்கியம். மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். ‘பந்தை எடு.’ மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். இடையில் திருப்பிச் சொன்னால் பிள்ளை முதலிலிருந்து கேட்கத் தொடங்கும். வரவில்லை என்றால் சைகை, பிறகு செய்து காட்டுவது, கடைசியாகத்தான் கையைப் பிடிப்பது. பிடிக்கும் முன், பார்வை இல்லாத பிள்ளையிடம் “கையைப் பிடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான். மணிக்கட்டில் தொடங்கிய உதவி முழங்கைக்கு, பிறகு தோளுக்கு நகர்ந்து நின்றுபோக வேண்டும். ஆறு மாதமாக மணிக்கட்டிலேயே இருந்தால் எறிவது நாம்தான்.

பீரியடின் வரிசையை நாலு படமாகச் சிலேட்டில் ஒட்டிவைத்து, முடிந்ததைக் கழற்றிவிட்டால் அடுத்தது என்ன என்ற பயம் போகும். ‘முதல்ல அஞ்சு பந்து, அப்புறம் ஊஞ்சல்’ என்றால் ஊஞ்சல் அங்கே அறுந்து தொங்கக் கூடாது. மழை வந்தால் எடுக்க ‘மாற்றம்’ என்று ஒரு மஞ்சள் அட்டையைச் சாதாரண நாட்களிலேயே இரண்டு மூன்று முறை பயன்படுத்திப் பழக்க வேண்டும். பரிசாகத் தின்பண்டம் தருவது எளிது. ஆற்காடு மக்கன் பேடாவுக்கு யார்தான் பந்து எறியமாட்டார்கள்! விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் புரையேறும், சர்க்கரை உள்ள பிள்ளையும் இருக்கலாம். ஐந்து பாட்டில் மூடி சேர்ந்தால் மணி அடிக்கும் உரிமை என்பது இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

ஸ்கோர் எழுதும் வேலையை ஒழிக்க வேண்டியதில்லை. சுழற்சி முறையில் எல்லாருக்கும் ஐந்து ஐந்து நிமிடம், வேகமாக ஓடும் பையனுக்கும்தான்.

பிரச்சினை அதிகம் வருவது தொடக்கத்திலும் முடிவிலும். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் திடீரென்று ‘போதும், வகுப்புக்குப் போ’ என்றால் தரையில் விழுந்து புரளத்தான் செய்வான். ஐந்து நிமிடம் முன் மஞ்சள் துணி, இரண்டு நிமிடம் முன் இன்னொரு முறை. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அந்த நேரத்தில் மெதுவான நீட்டல், ஒவ்வொன்றும் 30 விநாடி, வெட்டி இழுக்காமல். கிளம்ப மறுக்கும் பையனிடம் டயர் அடுக்கும் வேலையைக் கொடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு டயர், ஒன்றன்மேல் ஒன்று, எண்ணிக்கொண்டே. அடுக்கி முடித்தால் கிரவுண்டும் முடிந்தது என்று அவனுக்கே தெரியும். கேட்டுக்குப் பூட்டுப் போடுவதும் அவன்தான்.